கருவைக் காசில் படித்தவள்

வாசகர் கேள்வி – பதில்

(வெளியிலிருந்து வந்து நம் கடலோரத்தில் பரவிய தாவரங்களை முப்பத்தோரு ஆண்டுகள் ஆராய்ந்து, கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

எத்தனையோ அழகான செடி கொடிகள் இருக்க, சீமைக்கருவேலத்தைப் போய் ஏன் ஆராய்ச்சிக்கு எடுத்தீர்கள்?
– இல்லத்தரசி, மதுரை

அதன் காசில்தான் நான் படித்தேன் அம்மா. சாயல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் ஊர். அப்பா கரி மூட்டம் போடுகிறவர். கருவையை வெட்டி, கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு மூடித் தீ வைப்பார். ஒரு வாரம், பத்து நாள் உள்ளுக்குள்ளேயே கனியும். அத்தனை நாளும் அப்பா மூட்டத்துக்குப் பக்கத்தில்தான் படுப்பார். நடுராத்திரியில் மேல் மண் சரிந்து ஓட்டை விழுந்தால் காற்று புகுந்துவிடும். விடிவதற்குள் கரியெல்லாம் சாம்பல். புகை வெள்ளையாக வரும்வரை ஈரம், நீலம் தட்டினால் வெந்துவிட்டது என்று கணக்கு. என் கல்லூரி விடுதிக் கட்டணம் ஒவ்வொரு பருவமும் இரண்டு மூட்டத்துக் கரி.

முதுகலை முடித்ததும் என் வழிகாட்டி, "உங்கள் ஊரில் அதிகமாக இருக்கும் செடி எது?" என்று கேட்டார். யோசிக்கவே தேவையில்லாமல் சொல்லிவிட்டேன். கோடியக்கரையிலும் ராமநாதபுரம் கரையிலும் அது எப்படிப் பரவுகிறது என்பதே முனைவர் பட்டத் தலைப்பாக அமைந்தது. ஊரில் என் அத்தை கேட்டதை இன்னும் மறக்கவில்லை: "ஏத்தா, முள்ளு மரத்தை எண்ணுறதுக்கா சம்பளம் குடுக்குறாக?"

உதவித்தொகையே வந்தது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

முதல் வருடம் நிலத்தைப் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரங்களாக அளந்து, மூலைக்கு ஒரு கல் நட்டு (இந்தச் சதுரத்தைச் 'சட்டம்' என்போம்), பாதிச் சட்டங்களில் மரத்தை வெட்டினோம். கோடையில் வெட்டி, மொட்டைத் தரையைப் படம் எடுத்து, அறிக்கையில் 'நீக்கப்பட்டது' என்று எழுதி அனுப்பினேன். ஐப்பசி மழை முடிந்து போய்ப் பார்த்தால், ஒரு தூருக்கு ஏழெட்டுக் கிளை! முன்பு ஒற்றையாக நின்ற மரம் புதராகிவிட்டது. கருத்தரங்கில் ஒரு மூத்த பேராசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் நீக்கினீர்களா அம்மா, இல்லை கவாத்து செய்தீர்களா?" என்று கேட்டார். அரங்கமே சிரித்தது. நன்றாகத் துளிர்க்கட்டும் என்று கிளையை நறுக்குவதுதானே கவாத்து. கரி மூட்டக்காரன் மகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அப்பா ஒரே தூரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெட்டித்தானே என்னைப் படிக்க வைத்தார். படிப்பு ஏறியதும் வீட்டில் தெரிந்தது மறந்துபோனது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த மரம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிறது, ஆக்சிஜனே விடுவதில்லை, இதனால்தான் மழை பெய்வதில்லை என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
– ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், விருதுநகர்

எனக்கும் வாரம் ஒருமுறை வருகிறது ஐயா. என் தம்பியே அனுப்புகிறான்.

பச்சை இலை உள்ள எந்த மரமும் வெயிலில் ஆக்சிஜன் விடும். கருவையும் விடும். இலையின் நுண்துளைகள் வழியாக நீராவி வெளியே போகிறதே தவிர, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் குடித்து அது வாழவில்லை. மழை வராததற்கு இதைக் குற்றம் சொல்வது, பக்கத்து வீட்டுக்காரன் மேல் பழி போடுவது மாதிரி.

ஆனால் உண்மையான குற்றச்சாட்டுகளே போதுமான அளவு இருக்கின்றன. இதன் ஆணிவேர் நிலத்தடி நீரைத் தேடி ஆழத்துக்குப் போகும். அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கத்தைத் தோண்டியபோது, இந்தக் குடும்பத்து மரம் ஒன்றின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள். கோடையில் எல்லாம் காய்ந்து நிற்க, இது மட்டும் பசேலென்று நிற்பது அதனால்தான். நெருங்கி வளர்ந்த கருவைக்கு அடியில் புல் முளைப்பது அபூர்வம்: நிழல் ஒரு காரணம், உதிரும் இலையிலிருந்து மண்ணில் இறங்கும் வேதிப்பொருள்கள் இன்னொரு காரணம். புல் போனால் என்ன ஆகும் என்பதைக் கோடியக்கரையில் போய்ப் பாருங்கள். 1967-ல் சரணாலயம் ஆன இடம் அது. வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். ஆபத்து வந்தால் தூரத்திலேயே பார்த்துத் துள்ளி ஓடுகிற விலங்கு. அந்த வெளியைத்தான் கருவை கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. கருவையின் நெற்று இனிக்கும். ஆடு, மாடு, அங்கே திரியும் காட்டுக்குதிரை எல்லாம் விரும்பித் தின்னும். சதை செரித்துவிடும், கெட்டித் தோல் கொண்ட விதை செரிக்காது. வயிற்று அமிலத்தில் தோல் இளகி, சாணத்தோடு எரு போட்ட விதையாக விழும். குதிரைச் சாணத்தைப் பையில் அள்ளி வந்து, விடுதி மாடியில் தட்டுகளில் பரப்பித் தண்ணீர் தெளித்து வைத்தேன். இரண்டு வாரத்தில் தட்டு பச்சையானது. விடுதிக் காப்பாளர் என் அறையையே மாற்றச் சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இது பயறு வகைக் குடும்பம். வேர் முடிச்சுகளால் மண்ணில் நைட்ரஜனைச் சேர்க்கும். வாட்ஸ்அப்பில் அது வராது.

காமராஜர்தான் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விமானத்தில் விதை தூவினார் என்கிறார்களே?
– பள்ளி ஆசிரியர், சாத்தூர்

காமராஜர் பிறந்தது 1903-ல். 1876-லேயே சென்னை மாகாணத்தின் வடக்கு வட்ட வனப் பாதுகாவலராக இருந்த பெட்டோம் என்ற ஆங்கிலேய அதிகாரி, வறண்ட நிலத்துக்கு இந்த மரம் உதவும் என்று விதை கேட்டு அரசுக்குக் கடிதம் எழுதினார். ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. 1877-ல் கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் விறகுக்காக அரசுகள் நட்டது உண்டு. நட்டவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. அடுப்பெரிக்க விறகில்லாத காலம் அது.

நான்கு ஏக்கர் நிலம். நான்கு முறை வெட்டிவிட்டேன். திரும்பத் திரும்ப வருகிறது. மருந்து ஏதாவது உண்டா?
– விவசாயி, முதுகுளத்தூர்

வெட்டாதீர்கள், தோண்டுங்கள். தரைக்குக் கீழே ஒன்றரைச் சாண் வரை துளிர்க்கும் மொட்டுகள் இருக்கும். அதற்கும் கீழே வேரை அறுத்துத் தூரோடு எடுத்துவிட்டால் திரும்ப வராது. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது செய்தால் கூலி குறையும். எடுத்த தூரைக் கரிக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள்; பேரம் பேசுங்கள், தூர்க்கட்டைக்கு மதிப்பு உண்டு.

அதோடு வேலை முடியாது. உங்கள் மண்ணுக்குள் பழைய விதைகள் கிடக்கின்றன. நிலத்தைச் சும்மா போட்டால் அடுத்த மழைக்கே கன்று கன்றாக வரும். முதல் வருடமே உழுது ஏதாவது விதையுங்கள், சோளமோ குதிரைவாலியோ. நெற்று விழும் மாதங்களில் ஆட்டுக் கிடை போடாதீர்கள். கிடை போட்டால் நீங்களே விதைத்த மாதிரி. இரண்டு மூன்று வருடத்துக்குக் கன்றுகளைக் கையாலேயே பிடுங்க வேண்டியிருக்கும். உங்கள் பக்கத்து நிலத்துக்காரரும் செய்யாவிட்டால்... அது உங்களுக்கே தெரியும்.

நான் கல்லூரி மாணவி. எங்க அம்மா மண்டபம் பக்கம் மிதவையில் பாசி வளர்க்கிறாங்க. அதில்தான் வீடு நடக்குது. நீங்க அந்தப் பாசி பவளத்தைக் கொல்லுதுன்னு எழுதுறீங்க. அப்ப எங்க அம்மா என்ன செய்யணும் டீச்சர்?
– மண்டபம்

பாப்பா, உன் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை.

மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. கப்பாபைகஸ் என்பது பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடற்பாசி. அதிலிருந்து கராஜீனன் எடுக்கலாம். ஐஸ்கிரீம் முதல் பற்பசை வரை கெட்டியாக்கப் பயன்படும் பொருள். 1984-ல் நம் விஞ்ஞானிகளே ஜப்பானிலிருந்து ஒரு சிறு துண்டைக் கொண்டு வந்தார்கள். 2000-ஐ ஒட்டி ஒரு குளிர்பான நிறுவனம் பாக் நீரிணைக் கரையில் இதை வணிகமாக வளர்க்க ஆரம்பித்தது. அதனால் அங்கே இதற்குப் 'பெப்சி பாசி' என்றே பெயர். மூங்கில் சட்டம் கட்டி, கயிற்றில் துண்டு துண்டாகக் கட்டி மிதக்க விட்டால் 45 நாளில் அறுவடை. கருவை மாதிரியே கதை: வேகமாக வளரும், ஏழைக்குக் காசு தரும், யார் கேட்டும் நிற்காது.

2008-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் இந்தப் பாசி உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்திருப்பதைக் கண்டு எழுதினார்கள். நான் அதுவரை தரைச் செடி ஆள். அந்தக் கட்டுரையைப் படித்ததும் நேரில் பார்த்தாக வேண்டும் என்று தோன்றியது. ஒரே ஒரு சிக்கல், எனக்கு நீந்தத் தெரியாது. கடலோரத்தில் பிறந்தும் தெரியாது. எங்கள் வீட்டில் பெண் பிள்ளை கணுக்காலுக்கு மேல் நனைந்தால் அடி விழும்.

கற்றுக்கொடுத்தது பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, விரல்களில் துணிச் சுற்று, கண்ணில் கண்ணாடி பதித்த மூடி, காலில் கயிறு போட்டுக் கட்டிய தகடு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் இறங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசிக்காக மூச்சடக்கி மூழ்கி வருகிறவர்கள். ஓர் அக்கா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "டீச்சரு, தண்ணியோட சண்டை போடாத, அது தூக்கும்" என்றார். நாற்பத்து மூன்று வயதில் மிதந்தேன்.

அப்புறம் அந்தப் பவளத்தைப் பார்த்தேன். மான்கொம்பு மாதிரி கிளைத்த பவளம். அதன் மேல் பழுப்புப் பச்சையில் கெட்டிப் பாய் விரித்த மாதிரி பாசி. ஓர் ஓரத்தைத் தூக்கினால் உள்ளே வெளுத்துச் செத்த கிளைகள். பவளத்தின் உடம்புக்குள் வாழும் நுண்பாசிகளுக்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் போனால் சோறு போயிற்று. அவ்வளவுதான் வழிமுறை, பெரிய மர்மம் இல்லை. நான் தூக்கியபோது கையில் பிய்ந்த துண்டு ஒன்று நழுவி நீரோட்டத்தில் போனது. அந்த அக்கா துரத்திப் போய்ப் பிடித்து வந்து என் பையில் போட்டார். இந்தப் பாசி விதையால் பரவ வேண்டியதே இல்லை, விரல் அளவுத் துண்டு போதும். இது எனக்குப் புத்தகத்தில் தெரியும், அவருக்குக் கையில் தெரியும்.

குருசடைக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. வளர்ப்பை ஆதரிப்பவர்களும் படித்தவர்கள்தான், என் நண்பர்களும் அதில் உண்டு. ஹவாயில் கானியோஹே விரிகுடாவில் 1970-களில் டாட்டி என்ற பாசி விஞ்ஞானி சோதனைக்காக வளர்த்தார். அங்கே பவளத்தின் மேல் பரவிய பாசியைப் பிற்பாடு படகில் பெரிய உறிஞ்சு குழாய் வைத்து எடுக்க வேண்டியிருந்தது. மிச்சத்தைத் தின்ன, கடல்முள்ளெலிகளை வளர்த்து விட்டார்கள். நம்மிடம் குழாய் இல்லை. வனத்துறை ஆட்கள் முங்கி முங்கிக் கையால்தான் எடுக்கிறார்கள்.

இப்போது உன் அம்மாவுக்கு. அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. கொண்டு வந்தது விஞ்ஞானிகள், அனுமதி தந்தது அரசு, லாபம் பார்த்தது வேறு ஆட்கள். மிதவைக்குக் கீழே வலை கட்டச் சொல். மீன் கடிக்காமல் இருக்கவும் உதவும், துண்டு போகாமல் இருக்கவும் உதவும். கிழிந்த வலையோடு ஒரு நாளும் விட வேண்டாம். அறுவடையில் உதிர்ந்ததைக் கடலில் தள்ளாமல் கரைக்குக் கொண்டுவரச் சொல். புயல் எச்சரிக்கை வந்தால் மிதவையை ஒதுக்கிக் கட்ட வேண்டும். நம் கடலுக்கே சொந்தமான கஞ்சிப்பாசியையும் மிதவையில் வளர்க்கலாம், அகர் எடுக்க வாங்குகிறார்கள்; அதுவும் கெட்டியாக்கப் பயன்படும் பொருள்தான். ஆனால் அது மெதுவாக வளரும், கையில் வரும் காசு குறைவு. இதைச் சொல்லாமல் 'மாற்றுப் பயிர்' என்று மட்டும் எழுதுகிறவர்களை நம்பாதே. 2013-ஐ ஒட்டிக் கடல் சூடேறி மிதவையெல்லாம் வெளுத்துச் செத்தபோது உன் அம்மா என்ன செய்தார் என்று கேட்டு எனக்கு எழுது. ஒரே பயிரை நம்பியிருப்பதில் எனக்குள்ள பயம் அதுதான்.

இதெல்லாம் முழுப் பதில் ஆகாது, பாப்பா. என் அப்பாவிடம் யாராவது வந்து "மூட்டம் போடாதே" என்று சொல்லியிருந்தால் நான் இந்தப் பதிலை எழுதவே வந்திருக்க மாட்டேன்.

சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்களில் பறவைகள் கருவையில்தானே கூடு கட்டுகின்றன? எல்லாவற்றையும் அழித்தால் அவை எங்கே போகும்?
– பறவை ஆர்வலர், பரமக்குடி

நல்ல கேள்வி. மஞ்சள் மூக்கு நாரையும் அரிவாள் மூக்கனும் தாவரவியல் படிக்கவில்லை. கண்மாய்த் தண்ணீருக்கு நடுவில், நாய் ஏற முடியாத முள் மரம் கிடைத்தால் போதும் அவற்றுக்கு. நாட்டுக் கருவேலம் இருந்த இடத்தில் சீமைக்கருவேலம் வந்தால் அதிலும் கட்டும்.

2017 வாக்கில் நீதிமன்ற உத்தரவின் பேரில் மாவட்டம் மாவட்டமாகப் பொக்லைன் இறங்கியது. பிற்பாடு அதே உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்து நிபுணர்களைக் கேட்கச் சொன்னது. ஒரு கூட்டத்தில் நான், "கூடு உள்ள மரத்தை விடுங்கள், பக்கத்தில் நாட்டுக் கருவேலம் நடுங்கள், அது உயர்ந்த பிறகு இதை எடுங்கள்" என்றேன். அதற்கு எத்தனை வருடம் ஆகும் என்றார்கள். பத்து என்றேன். தேநீர் வந்துவிட்டது. 2022-ல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. எடுப்பதோடு நில்லாமல், எடுத்த இடத்தை மீட்பதையும் அது பேசுகிறது. காகிதத்தில் வந்ததே எனக்குச் சந்தோஷம்தான்.

கடலோரச் சூழலியல் படிக்க ஆசை. வேலை கிடைக்குமா? வீட்டில் பயப்படுகிறார்கள்.
– இளநிலை மாணவர், நாகப்பட்டினம்

பயப்பட வேண்டியதுதான் தம்பி. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான், அங்கே முதுகலை படியுங்கள். தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய். அது இல்லாவிட்டால் திட்டப் பணிகள்: ஆறு மாதம், பதினோரு மாதம் என்று நீட்டிப்பார்கள், சில சமயம் சம்பளம் நான்கு மாதம் கழித்து வரும். எனக்கு நிரந்தர வேலை கிடைத்தபோது முப்பது தாண்டிவிட்டது. அதற்குள் மூன்று கல்லூரிகளில் தற்காலிக விரிவுரையாளர். ஒன்றில் ஆய்வகச் சாவியைக்கூடத் தரவில்லை.

இந்தத் துறையில் இன்னொரு தலைவலி: திட்டத்துக்குப் பணம் மூன்று வருடம், விதை மண்ணில் கிடப்பதோ அதைவிட அதிகம். அதனால் 'மூன்று ஆண்டில் வெற்றி' என்று அறிக்கை எழுதிவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறோம். நானும் அப்படி இரண்டு அறிக்கை எழுதியிருக்கிறேன்.

நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள், என்னை மாதிரி தள்ளிப் போடாதீர்கள். புள்ளியியல் கற்றுக்கொள்ளுங்கள். செடிக்கு ஊர்க்காரர் சொல்லும் பெயரை லத்தீன் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். லத்தீன் பெயர் மாறிவிடும். நான் ஆயுள் முழுக்க புரோசோபிஸ் என்று எழுதிய மரத்தை 2022-ல் நெல்டுமா ஆக்கிவிட்டார்கள். எங்கள் ஊரில் அது இன்னும் கருவைதான், உங்கள் ஊருக்கு வடக்கே போனால் வேலிக்காத்தான்.

சவுக்கும் வெளிநாட்டு மரம்தானே? சுனாமிக்குப் பிறகு கடற்கரையெல்லாம் அதைத்தானே நட்டார்கள்?
– மீனவர் சங்க உறுப்பினர், கடலூர்

ஆமாம். அலையை ஒட்டிய மணலில் நட்டது தவறு என்றுதான் நான் அப்போதும் சொன்னேன். பங்குனி ஆமை முட்டையிடத் திறந்த மணல் வேண்டும்; மணல்மேட்டை அங்கே பிடித்து வைத்திருந்தது அடும்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும். ஊருக்குப் பக்கம் தள்ளி நட்ட சவுக்கை நான் குறை சொல்ல மாட்டேன். அது பயிர், வெட்டினால் காசு.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறீர்கள்?
– வாசகி, திருச்சி

போன மாதம் கோடியக்கரைப் பக்கம் போய் என் பழைய சட்டங்களைத் தேடினேன். மூலைக் கற்களில் ஒன்றுதான் அகப்பட்டது, பெயிண்ட் உதிர்ந்து எண் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கவாத்து செய்தேன் என்று கேலி வாங்கிய அதே சட்டம். அடுத்த வருடம் தூரோடு தோண்டியிருந்தோம். உள்ளே முழங்கால் உயரத்துக்குப் புல் இருந்தது, நடுவே மான் புழுக்கை. பக்கத்தில் கருவைக் கன்று மூன்று. பிடுங்கினேன். மூன்றாவதன் வேர் பாதியில் அறுந்துவிட்டது, கையில் கடப்பாரை இல்லை. மழை வருவதற்குள் இன்னொரு முறை போக வேண்டும்.